மூன்று துளி தீர்த்தத்துக்கு ஒரு சான்றிதழ்

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் அம்மா முந்திக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு 'பட்டாசு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் வராந்தாவில் வருவது தெரிந்தால், "ஏய், பத்த வச்சாச்சு, வருது வருது" என்று ஒரு குரல் கேட்கும். அதைக் கேட்டு எத்தனையோ நாள் எனக்கே சிரிப்பு வந்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு வருடம், ஜனவரியிலிருந்து மார்ச் வரை, என்னைப் பார்த்து யாரும் சிரித்திருக்க முடியாது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் டீச்சராக இருந்தேன். கூடவே எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் காய்கறி விவசாயிகள் விளைந்ததை எந்தச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள், யார் மூலம் விற்கிறார்கள், வாரா வாரம் என்ன விலை கிடைக்கிறது என்பதுதான் ஆய்வு. சனிக்கிழமை முழுக்க, ஞாயிறு பூசை முடிந்த பிறகு, டவுன் பஸ் பிடித்துப் போய் நூற்றிருபது வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். வீட்டுக்கு எட்டுப் பக்கக் கேள்வித்தாள். நாய் துரத்தியிருக்கிறது. "கவருமெண்டா? கடன் தள்ளுபடியா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

மார்ச் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் ஜூனில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் இடம் காலியாகிறது, எனக்குக் கிடைத்துவிடும் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருந்தார். எட்டு வருடமாக ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த இடம் எப்படி வேண்டியிருந்தது என்பதைச் சொல்லி முடியாது.

அதற்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் இருந்த கடை. ஒரு வருட வாரண்டி. ஆட்டோவில் மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"மந்திரிக்காம அதத் தொடாத."

"அம்மா, இது வீடு இல்ல, கம்ப்யூட்டர்."

"உங்க அப்பா சைக்கிள் வாங்குனப்பவே மந்திரிச்சுத்தான் ஏறுனாரு. இது அதவிட வெல."

எங்கள் வீட்டில் தையல் மிஷினிலிருந்து மிக்ஸி வரைக்கும் எதுவும் மந்திரிக்காமல் ஓடியதில்லை. அம்மாவோடு வாதாடி ஜெயிப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. மறுநாள் மாலை எங்கள் கோயில் பங்குச் சாமியார் வந்தார். கம்ப்யூட்டரை மேசையில் வைத்து, வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றிவைத்திருந்தாள் அம்மா. ஃபாதர் செபம் சொல்லி, தீர்த்தச் செம்பிலிருந்து மூன்று முறை தெளித்தார். காபி குடித்துவிட்டு, "நல்லாப் படிங்க டீச்சர்" என்று சொல்லிப் போனார். அம்மாவுக்குத் திருப்தி. நானும் துணியை எடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

ஆறு மாதம் அது ஒழுங்காகத்தான் ஓடியது. நூற்றிருபது வீட்டுக் கணக்கையும் கட்டம் கட்டமாக உள்ளே ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, கட்டிலுக்கடியில் இருந்த கேள்வித்தாள் கட்டுகளைப் பார்த்து அம்மா, "கரையான் வந்துரும், இத என்ன செய்ய?" என்று கேட்டாள். "எல்லாம் உள்ள இருக்கும்மா, இனி இந்தக் குப்பை எதுக்கு?" என்று நானே தூக்கிப் பழைய பேப்பர் கடையில் போட்டேன். வேறு யாரும் போடவில்லை, நான்தான் போட்டேன். இதை எழுதும்போதுகூட என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தேன். மூன்றில், முதல் அத்தியாயம் மட்டும் இருந்த ஃப்ளாப்பி பிழைத்தது. மற்ற இரண்டும் பூஞ்சை பிடித்துத் திறக்க மாட்டேன் என்றன.

பொங்கல் கழித்து ஒரு நாள் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தது. திரை நீலமானது. அணைத்துப் போட்டேன், வந்தது. மறுநாள் அணைத்துப் போட்டும் வரவில்லை.

கடைக்குப் போன் போட்டேன். "இன்ஜினியர் வருவாரு மேடம்" என்றார்கள். எப்போது என்றேன். "இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு." நாளைக்குப் போன் போட்டால், "வத்தலக்குண்டுல ஒரு கம்ப்ளைண்ட், அத முடிச்சிட்டு நேரா உங்க வீடுதான்." அந்த இன்ஜினியர் வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் வந்து சேர மூன்று வாரம் ஆனது. நடந்தே வந்திருந்தாலும் நாலு தரம் போய்த் திரும்பியிருக்கலாம்.

மதிய இடைவேளையில் சாப்பாட்டை விட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். சென்னையில் கம்பெனியின் புகார் எண். முதலில் பாட்டுப் போடுவார்கள். பிறகு ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக, என் புகாரைப் பதிவு செய்துகொண்டதாகச் சொல்லும். பதினோரு இலக்கத்தில் ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணைச் சொல்லி மறுபடி கேட்டால், "உங்கள் பகுதி டீலரை அணுகவும்." டீலரை அணுகினால், "கம்பெனில கம்ப்ளைண்ட் போட்டீங்களா மேடம்? நம்பர் என்ன?" சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, இங்கே சாமியும் பூசாரியும் சேர்ந்துகொண்டு என்னைத் தேர் மாதிரி நாலு வீதியும் சுற்ற வைத்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒன்றை மறக்காமல் சொன்னேன். "உள்ள என் ஆய்வு இருக்கு. அது போயிரக் கூடாது." ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வந்தது. "பாத்துக்கலாம் மேடம்."

எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், நாகல் நகர் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு. செத்துப்போன டிஸ்குலேர்ந்து எல்லாத்தையும் எடுத்துருவாரு. குடுத்துப் பாருங்களேன்."

"பெட்டில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரக் கிழிச்சா வாரண்டி போயிரும் சார்."

"போனாப் போகுது. உங்களுக்கு டிஸ்க் முக்கியமா, உள்ள இருக்கிறது முக்கியமா?"

நல்ல மனுஷர். நல்ல கேள்வி. எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. "அது எப்டி சார்? வாரண்டின்னு எழுதிக் குடுத்திருக்கான். அவன்தான் செய்யணும். நான் விடமாட்டேன்" என்றேன். அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழித்து ஒரு நாள் இன்ஜினியர் வந்தே விட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் ஒரு தோல் பை. முதலில் "எர்த் சரியில்ல மேடம்" என்றார். எர்த் சரியாக இருந்தது. "வைரஸா இருக்கும்" என்றார். எங்கள் வீட்டில் இன்டர்நெட்டே இல்லை. கடைசியில் பெட்டியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். மேல் தகட்டின் காற்றோட்டத் துளை ஓரம் கடுகளவு துரு.

"தண்ணி ஏதும் பட்டுச்சா?"

"இல்ல" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தண்ணி எல்லாம் படல தம்பி. தீர்த்தந்தான் பட்டுச்சு."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, எத்தனை மணிக்கு மந்திரித்தது, ஃபாதர் எங்கே நின்றார், செம்பு எங்கே இருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து எதையோ எழுதி, என்னிடம் கையெழுத்துக் கேட்டார். வாசித்தேன். 'திரவம் பட்டதால் பழுது. வாரண்டி செல்லாது.'

அவர் போன பிறகு வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம். அம்மா சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "தவக்காலத்துல என்னப் பொய் சொல்லச் சொல்றியாடி? அதுவும் தீர்த்தத்தப் பத்தி?"

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. அவர் முன்னாலிருந்த கம்ப்யூட்டரின் தலையில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், இது என்ன?"

"பூச போட்டது மேடம்."

"சந்தனத்த எதுல கொழச்சீங்க?"

அவர் சந்தனத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பன்னீர்லயா, தண்ணிலயா? அது திரவம் இல்லையா? உங்க மிஷினு ஓடுதே, எப்டி?"

"அது வெளிய வச்சது மேடம்."

"எங்க ஃபாதரும் வெளியதான் தெளிச்சாரு! டிஸ்க் உள்ள இருக்கு, டப்பாக்குள்ள டப்பா. தண்ணி அங்க எப்டிப் போகும், பஸ் பிடிச்சா?"

கடையில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், நானும் சாமி கும்புடுற ஆளுதான். எனக்குப் புரியுது. ஆனா கம்பெனிக்காரனுக்குப் புரியணும்ல? எவ்வளவு தண்ணி, எங்க பட்டுச்சுன்னு எழுத்துல ஏதாச்சும் இருந்தா அனுப்பிப் பாக்கலாம்."

எழுத்தில்! தீர்த்தத்தின் அளவுக்கு எவனாவது ரசீது வைத்திருப்பானா? ஆனால் நான் விடுகிற ஆள் இல்லையே. நேராகப் பங்களாவுக்குப் போனேன். எங்கள் ஊரில் சாமியார் வீட்டைப் பங்களா என்றுதான் சொல்லுவோம். ஃபாதர் சிலுவைப்பாதைச் செபம் முடித்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். முழுவதையும் கேட்டார். சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றார், முடியவில்லை.

"டீச்சர், ஞானஸ்நானச் சான்றிதழ் குடுத்திருக்கேன். நன்னடத்தைச் சான்றிதழ் குடுத்திருக்கேன். இப்டி ஒண்ணு இதான் முதல் தடவ."

"சிரிக்காதீங்க ஃபாதர். என் வாழ்க்கையே அதுக்குள்ள இருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பங்குத் தலைப்புத் தாளை எடுத்தார். இன்ன நாளில், இன்னார் வீட்டில், கணினி ஒன்றைத் தாம் மந்திரித்ததாகவும், மும்முறை தெளித்த தீர்த்தம் மேற்புறத்தில் சில துளிகளாக மட்டுமே விழுந்ததாகவும், உட்புறம் நனையும் அளவுக்கு ஊற்றப்படவில்லை என்றும் எழுதினார். எழுதிவிட்டு யோசித்தார். 'தெளித்த பின் துணியால் துடைக்கப்பட்டது' என்று நான் சேர்க்கச் சொன்னேன். "தொடச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எழுத முடியாது" என்றார். அம்மாவும் இவரும் ஒரே மறைக்கல்வி வகுப்பில் படித்தவர்கள் போல. கையெழுத்துப் போட்டு, பங்கு முத்திரையை இரண்டு இடத்தில் குத்திக் கொடுத்தார்.

கடை முதலாளி அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் காட்டாத மரியாதையோடு அதை ஃபேக்ஸ் மெஷினில் வைத்தார். பத்தே நாளில் சென்னையிலிருந்து பதில். வாரண்டி செல்லும்!

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்! கணக்கு வாத்தியாரிடம் போய், "பாத்தீங்களா சார், விடாம நின்னா நடக்கும்" என்று சொன்னேன். "ரொம்ப சந்தோஷம் டீச்சர்" என்றார் அவர். பெட்டியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். படிவம் நீட்டினார்கள். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அரைப் பக்கம். ஜெயித்த மயக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்போதும் சொன்னேன், "உள்ள என் ஆய்வு இருக்கு."

"பாத்துக்கலாம் மேடம்."

மார்ச் மூன்றாவது வாரம், வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர்களே போன் செய்தார்கள். இரண்டு மாதத்தில் அவர்களாக எனக்குச் செய்த முதல் போன் அதுதான். போனேன். இன்ஜினியர் சுவிட்சைப் போட்டார். கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. சத்தமே இல்லை. நான் என் கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. வேறு இடத்தில் தேடினேன். கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினேன். 

"என் ஆய்வு எங்க?"

"இது புது டிஸ்க் மேடம். ஃப்ரீ ரீப்ளேஸ்மெண்ட்."

"பழசு?"

"பழசு கம்பெனிக்குப் போயிடும். வாரண்டில மாத்துனா அத அவங்க திருப்பி வாங்கிக்குவாங்க, அதான் ரூல். போய் ஒரு வாரம் ஆச்சே. இந்நேரம் ஒடச்சிருப்பாங்க."

"உள்ள இருக்கிறத எடுத்து வைக்கச் சொன்னேனே! எத்தன தடவ சொன்னேன்?"

அவர் படிவத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் விரல் வைத்தார். உள்ளிருக்கும் தகவல்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. கீழே என் கையெழுத்து. டீச்சர் கையெழுத்து, அழகாக, சுத்தமாக.

முதலாளி தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். "புதுசே குடுத்துட்டோம் மேடம், இன்னும் என்ன?" அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கத்தினேன். அடப் பாவிகளா என்றேன். என் இரண்டு வருஷம் என்றேன். நுகர்வோர் கோர்ட் என்றேன். என்னென்னவோ சொன்னேன், எதுவும் கோர்வையாக வரவில்லை. நான் பேசப் பேச அவர் முகத்தில், இந்தம்மாவுக்கு எதைக் கொடுத்தாலும் பத்தாது போல என்கிற சலிப்புதான் கூடியது.

படியிறங்கும்போது இன்ஜினியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே ஆட்டோ வரைக்கும் வந்தார். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "வாரண்டிக்கு வராமலே போயிருந்தா நல்லாருந்திருக்கும் மேடம். டிஸ்க் உங்க கையிலயே இருந்திருக்கும். வெளிய குடுத்தா ஒரு நாள்ல எடுத்திருப்பாங்க."

அவர் என் பெட்டியைத் திறந்து 'வாரண்டி செல்லாது' என்று எழுதினாரே, அந்தப் படிவத்தோடு நான் சும்மா இருந்திருந்தால் போதும். சும்மா இருக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் அந்தப் பெட்டியை இந்த முறை காலடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் முடிந்தது. ஜூனில் அந்தக் கல்லூரி இடம் வேறொருவருக்குப் போனது. எனக்கு ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு. பேராசிரியர் ஒரு வருடம் நீட்டிப்பு வாங்கித் தந்து, "மறுபடியும் போய் எழுதும்மா, வேற வழியில்ல" என்றார். அவரிடம் நான் முன்பே கொடுத்திருந்த வெற்றுக் கேள்வித்தாள் ஒன்று இருந்தது. அதை வாங்கி நூற்றிருபது பிரதி ஜெராக்ஸ் எடுத்தேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை முதல் ஊருக்குப் போனேன். என் வயதிருக்கும் ஒரு பெண், வரப்பில் சாக்கு விரித்துக் கத்தரிக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். போன முறை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னவள்.

"டீச்சரா? போன வருசந்தான வந்து அம்புட்டுக் கேள்வி கேட்டீங்க? திரும்பவுமா?"

நான் சொன்னேன். முதலிலிருந்து கடைசி வரைக்கும், அம்மா, ஃபாதர், சந்தனம், எல்லாவற்றையும். அவள் காயிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"பழசக் கேட்டதுக்குப் புதுசக் குடுத்தானாக்கும்?"

"ஆமா."

"இங்கயும் அதே கததான். ஆடிப் பட்டத்துல நாத்து வாங்கி நட்டு, பூராம் பட்டுப்போச்சுன்னு போய் நின்னா, இந்தாங்க புது நாத்துன்னு எடுத்து நீட்டுவான். நாத்தக் குடுத்துருவான் டீச்சரு. போன பட்டத்த எவன் குடுப்பான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் வந்ததல்ல, ஆத்திரத்தில் வந்தது. அந்தக் கடையில் தொண்டை கிழியக் கத்தியபோது இந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லையே! அவள் என்னைப் பார்த்துப் பதறிப்போய்ச் சாக்கில் இடம் ஒதுக்கினாள்.

"அட, அழுவாதீங்க. உக்காருங்க, சொல்றேன். ஆனா ஒண்ணு, போன வருச வெலவாசியெல்லாம் வாரா வாரம் எனக்கு ஞாபகம் இல்ல. இந்த வருசத்தது வேணா சொல்லுவேன்."

உட்கார்ந்து பையிலிருந்து முதல் தாளை எடுத்தேன். அதன் தலைப்பில் போன வருடம் அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் இந்த வருடத்தை எழுதினேன். மிச்சம் நூற்றுப் பத்தொன்பது தாளிலும் அடிக்க வேண்டியிருந்தது.